மாத்திரை தரும் நேசம்



வயது வந்த ஒரு மகன் தன் தகப்பனிடம் இப்படிக் கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: "நான் யாரையும் அடிக்கவில்லை, யாருடைய காசையும் எடுக்கவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு சிநேகிதரோடு ஆடப் போகிறேன். போகும்போது ஒரு மாத்திரை விழுங்குகிறேன். அன்று இரவு எனக்கு ஒருவர்மேலும் கோபமில்லை. ஆகாதவனைக் கண்டால்கூடக் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. நீங்கள் கலியாண வீட்டுக் கொல்லையில் பிராந்தியைக் குடித்துவிட்டுப் பங்காளியின் சட்டையைப் பிடிக்கிறீர்களே, அதைவிட இது எந்த விதத்தில் கெட்டது?"

தகப்பன் கையை ஓங்கலாம். ஓங்கினால் பையன் வாயை மூடிக்கொள்வான், கேள்வி மூடிக்கொள்ளாது. அவன் பேச்சில் ஏதோ நியாயம் இருப்பதுபோல் தோன்றுகிறது என்பதை ஒப்புக்கொண்டு, அதற்குப் பதில் தேடுவதே முறை. பிராந்தியைப் பற்றி அவன் சொன்னது மெய்தான் என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்ளவேண்டும். ராத்திரி தள்ளாடி வருகிற தகப்பன் காலையில் மகனுக்குப் போதையைப் பற்றிச் செய்யும் பிரசங்கம் எவ்வளவு தூரம் செல்லும் என்று உங்களுக்கே தெரியும்.

அவன் சொல்லும் மாத்திரையின் சரித்திரம் கொஞ்சம் தெரிந்தால்தான் மேலே பேசலாம். அதற்கு எக்ஸ்டசி என்று பெயர். ரசாயன சாஸ்திரிகள் எம்.டி.எம்.ஏ. என்பார்கள். தூளாகவும் பளிங்குத் துண்டாகவும் விற்பதை மாலி என்று செல்லப் பெயரிட்டு அழைக்கிறார்கள். 1912-ம் ஆண்டில், ஜெர்மனி தேசத்தில் டார்ம்ஸ்டாட் நகரத்து மெர்க் கம்பெனியில், இரத்தப் போக்கை நிறுத்தும் மருந்தொன்றைத் தேடிய வழியில், இடையிலே செய்யவேண்டிய ஒரு சரக்காக இதைச் செய்தார்கள். செய்தவர் ஆன்டன் கோலிஷ் என்னும் ரசாயன சாஸ்திரி. தாம் செய்த வஸ்து பிற்காலத்தில் என்ன ஆகப் போகிறது என்று அறியாமலே 1916-ல் முதல் உலகப் போரில் மாண்டுபோனார். அந்த வஸ்துவும் அறுபது வருஷம் ஏறக்குறைய மறக்கப்பட்டே கிடந்தது.

1970-களில் கலிபோர்னியாவில் அலெக்ஸாண்டர் ஷுல்கின் என்னும் ரசாயன சாஸ்திரி அதை மறுபடி செய்து, தாமே உட்கொண்டு பார்த்தார். மனிதரிடத்தில் அதன் விளைவு இன்னதென்று 1978-ல் அவரும் டேவிட் நிக்கல்ஸ் என்பவரும் எழுதினார்கள். மன வைத்தியர் சிலர் அதைச் சத்தமில்லாமல் தங்கள் நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். வாய் திறந்து பேசாத கணவனும் மனைவியும் அதை உட்கொண்டால் மனம் விட்டுப் பேசினார்களாம். அதுவரையில் அதற்கு எக்ஸ்டசி என்ற பெயர் கிடையாது. சந்தைக்குக் கொண்டுவந்த வியாபாரிகள் பெயர் தேடினார்கள். பிறர் மனத்தைத் தன் மனம்போல் உணர்தல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லே அதற்குப் பொருத்தம் என்று ஒரு வியாபாரிக்குத் தெரிந்திருந்ததாம். ஆனால் அந்தச் சொல்லின் பொருள் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆகவே, அதிகம் விலைபோகும் என்று எக்ஸ்டசி என்ற பெயரை வைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. எப்படியும், டெக்ஸாஸ் மாகாணத்து மதுக்கடைகளில் 1980-களின் தொடக்கத்தில் அது பகிரங்கமாகவே விற்றது. 1985-ம் ஆண்டு ஜூலை முதல் தேதி அமெரிக்க சர்க்கார் தடை செய்தது. இங்கிலாந்தில் 1977-லேயே தடை வந்திருந்தும், 1988-க்குப் பின் மான்செஸ்டர் முதலிய நகரங்களின் நடனக் கிளப்புகளில் அது வெள்ளமாய்ப் பாய்ந்தது. அங்கிருந்து உலகமெங்கும் போயிற்று. கோவாக் கடற்கரையும் பெங்களூரும் சென்னையும் விலக்கல்ல என்பதை நம் தினப் பத்திரிகைகளிலேயே காண்கிறோம்.

எக்ஸ்டசி என்றால் பரவசம். அச்சொல் நம்மவருக்குப் புதிதல்ல. அர்ச். அவிலா தெரேசம்மாள் செபத்தில் பரவசமானதைச் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்த அம்மாள் தம் சகோதரிகளுக்குத் திரும்பத் திரும்ப எழுதியது பரவசத்தின் இனிமையைப் பற்றியல்ல. உணர்ச்சி எவ்வளவு இனிதானாலும் அதன் பிறகு உண்டாகும் கிரியையைப் பார்க்கச் சொன்னார்கள். கூட இருக்கிற சகோதரி வியாதியாய்ப் படுத்தால் செபத்தின் இனிமையை விட்டுவிட்டு அவளைக் கவனிக்கச் சொன்னார்கள். ஆட்டக் கொட்டகையில் நிற்கும் நம் வாலிபனையும் இதே தராசில் வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது, மாத்திரை உடம்பில் என்ன செய்கிறது? நம் மூளையின் நரம்பணுக்களில் செரட்டோனின் என்னும் சரக்கு சேமிக்கப்பட்டிருக்கிறது. மனநிலை, உறக்கம், பசி, உடம்பின் சூடு எல்லாவற்றோடும் அதற்குச் சம்பந்தமுண்டு. சாதாரணமாய் அது அளவாக வெளிவந்து, வேலை முடிந்ததும் திரும்ப உள்ளே போய்விடும். இந்த மாத்திரை அந்த வாசலையே தலைகீழாக்கி, உள்ளே போகவேண்டியதையும் வெளியே தள்ளுகிறது. பல நாள் செலவுக்கான தானியத்தைக் களஞ்சியத்திலிருந்து ஒரே இரவில் அள்ளிக் கொட்டுவதுபோல. அதோடு, தாய் பிள்ளைக்குப் பால் கொடுக்கையில் சுரக்கும் ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பும் இரத்தத்தில் மிகுகிறது. அரைமணி ஒருமணி நேரத்தில் தொடங்கி, நாலைந்து மணி நேரம் வரை இந்த நிலை நிற்கும். கண்மணி விரியும், தாடை இறுகிப் பல் நறநறக்கும், இருதயம் படபடக்கும். பக்கத்தில் நிற்பவன்மேல் சொல்லொணாத பாசம் பொங்கும். இரண்டு மூன்று நாள் கழித்து, களஞ்சியம் காலியான கணக்கு வந்து சேருகிறது. வாரத்தின் நடுவில் காரணமில்லாமல் அழுகை, எரிச்சல், சோர்வு. சனிக்கிழமை ஊரையெல்லாம் கட்டிக்கொண்டவன் புதன்கிழமை பெற்ற தாயிடம் எரிந்து விழுகிறான். தாய்க்குக் காரணம் தெரியாது.

இங்கே ஒரு வேடிக்கையான ஆராய்ச்சியைச் சொல்லவேண்டும். நம் கடற்கரை ஊர்களில் பேய்க்கணவாய் என்பார்களே, அந்த எட்டுக்கை ஜந்து தன்னந்தனியாய் வாழ்வது. இணைசேரும் காலம் தவிர மற்ற நாளில் தன் இனத்தைக் கண்டாலும் விலகிப்போகும் அல்லது சண்டைக்கு வரும். 2018-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் கூல் டோலென் என்ற அம்மையாரும் அவர் கூட்டாளியும் இந்த மருந்தைக் கரைத்த நீரில் சில பேய்க்கணவாய்களைச் சற்று நேரம் விட்டெடுத்தார்கள். பிறகு மூன்று அறையுள்ள தொட்டியில் விட்டார்கள். ஓர் அறையில் துளையிட்ட தொட்டிக்குள் இன்னொரு பேய்க்கணவாய். மற்றோர் அறையில் ஒரு பொம்மை. மருந்தில்லாதபோது ஆண் கணவாயின் பக்கமே போகாதிருந்தவை, மருந்து ஏறியதும் அதைத் தேடிப்போய் நெடுநேரம் அருகில் இருந்து, அது அடைபட்ட தொட்டியைத் தம் கைகளால் தழுவிக்கொண்டன.

சாஸ்திரிகள் இதிலிருந்து மூளையின் பழமையைப் பற்றி வேறு பாடம் படிக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது இது. அந்தப் பேய்க்கணவாய் அன்று நல்ல ஜீவனாக மாறிவிட்டதென்று யாராவது சொல்வார்களா? மருந்து கரைந்ததும் அது பழையபடி தனியே போய்விடும். அது எதையும் மன்னிக்கவில்லை, எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்கு ஒன்று நேரிட்டது, அவ்வளவே. நம் வாலிபனுக்கும் அன்று இரவு ஒன்று நேரிடுகிறது. அவன் உணர்ச்சி பொய்யென்று நான் சொல்லமாட்டேன். அவன் மெய்யாகவே உணருகிறான். ஆனால் ஆகாதவனோடு சமாதானமாவதற்கு ஒரு மனிதன் என்ன பாடுபடவேண்டும்! தன் பக்கத்துத் தப்பிதத்தைப் பார்க்கவேண்டும், வெட்கத்தை விழுங்கவேண்டும், வாசற்படி ஏறவேண்டும், முகம் திருப்பினால் பொறுத்துக்கொள்ளவேண்டும். இதில் ஒன்றையும் செய்யாமல் செய்தவனுக்குள்ள மன நிறைவை மட்டும் மாத்திரை கொடுத்துவிடுகிறது. நடக்காமலே ஊர் வந்து சேர்ந்ததாகக் கனவு காண்பவன் விடிந்தபின் புறப்பட்ட இடத்திலேயே கிடக்கிறான். ஏற்கெனவே சமாதானமாகி விட்டோமே என்ற நினைப்பில் நிஜமான வாசற்படியை ஏறாமலே காலத்தைக் கடத்துகிறான்.

இன்னொரு குறையும் உண்டு. உண்மையான நேசம் ஆளைப் பார்க்கும். நம் வீட்டில் எவனை அடுப்படி வரையில் விடலாம், எவனைத் திண்ணையோடு நிறுத்தவேண்டும் என்று தாய்மாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாத்திரை தரும் பாசத்துக்கு அந்தக் கண் கிடையாது. பக்கத்தில் இருப்பவன் எவனோ அவன்மேல் விழும். அவன் கெட்டவனாயிருந்தால்? நம் பெண்பிள்ளைகளுக்கு இதன் பொருள் என்ன என்று விவரித்து எழுதத் தேவையில்லை. வைத்தியச் சோதனைகளிலேயே இது நடந்தது. கனடாவில் நடந்த ஒரு சோதனையில் சிகிச்சை செய்தவர்களே நோயாளியிடம் வரம்பு மீறி நடந்துகொண்டது வெளியாகி, அதன் சம்பந்தமான மூன்று ஆராய்ச்சிக் கட்டுரைகளை 2024-ல் ஒரு வைத்தியப் பத்திரிகை திரும்பப் பெற்றது.

"அபாயம் அபாயம் என்கிறீர்களே, குதிரைச் சவாரி இதைவிட அபாயமானது" என்று படித்த பிள்ளை ஒருவன் சொல்லக்கூடும். இதை அவனாகக் கற்பனை செய்யவில்லை. இங்கிலாந்து சர்க்காருக்குப் போதைப்பொருள் விஷயத்தில் ஆலோசனை கூறிய சபையின் தலைவர் டேவிட் நட் என்ற பேராசிரியர் 2009-ல் அப்படித்தான் எழுதினார். குதிரைச் சவாரியில் 350 தடவைக்கு ஒரு தடவை கடுமையான தீங்கு நேருகிறது. எக்ஸ்டசியில் 10,000 தடவைக்கு ஒன்று என்பது அவர் கணக்கு. அந்த வருஷமே மந்திரி அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். நீக்கியதனால் கணக்குப் பொய்யாகிவிடாது. மாத்திரை விழுங்கினவர்களில் மிகப் பெரும்பாலோர் மறுநாள் எழுந்து நடமாடுகிறார்கள் என்பது மெய்யே. அதை நாம் மறைத்தால், மூன்று தடவை விழுங்கியும் ஒன்றும் ஆகாத பிள்ளை நம் வார்த்தை முழுவதையும் குப்பையில் போட்டுவிடுவான்.

ஆனால் சவாரி செய்கிறவன் தன் குதிரையைப் பார்க்கிறான். அது முரடா சாதுவா என்று விசாரிக்கிறான், தலைக்குக் கவசம் போடுகிறான், வருஷக்கணக்கில் பழகித் தேர்ச்சி பெறுகிறான். மாத்திரையை விழுங்குகிறவன் எதைப் பார்க்கிறான்? அதன்மேல் அச்சடித்த படத்தை. உள்ளே என்ன இருக்கிறதென்று விற்றவனுக்கே தெரியாது. மன வைத்தியச் சோதனைகளில் ஆரம்பத்தில் கொடுப்பது பெரும்பாலும் 80 முதல் 120 மில்லிகிராம். ஐரோப்பாவில் பிடிபட்ட மாத்திரைகள் சிலவற்றில் 200-க்கு மேலும் இருந்தது. சில மாத்திரைகளில் எம்.டி.எம்.ஏ. இருப்பதேயில்லை. பி.எம்.ஏ. என்னும் வேறொரு விஷச்சரக்கு இருக்கும். அது மெதுவாக ஏறும். "இன்னும் ஒன்றும் தெரியவில்லையே" என்று இரண்டாவதை விழுங்குவான். இரண்டும் சேர்ந்து ஏறும்போது உடம்பின் சூடு தாங்காமல் சாவான். சரியான மாத்திரையிலும் இந்த இரண்டாவது தடவை ஏமாற்றும். ஈரலில் இந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் நொதி ஒன்றுண்டு. அந்த நொதியையே இந்த மருந்து முடக்கிவிடுகிறது. ஆகையால் இரண்டாவது மாத்திரை முதலாவதைப்போல் இன்னொரு பங்கு அல்ல, அதற்கும் மேல். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, அந்த மாத்திரை இன்ன வகையாயிருந்தால், இரண்டும் சேர்ந்து உயிருக்கே உலை வைக்கும்.

1995-ம் ஆண்டு நவம்பர் மாதம் இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியில் நடந்ததை உலகமே அறியும். பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியின் பிறந்தநாள் விருந்து. விருந்து கிளப்பில் அல்ல, வீட்டில். தகப்பனார் முன்னாள் போலீஸ்காரர், சிற்றன்னை நர்ஸ். இருவரும் அந்த வீட்டிலேயே இருந்தார்கள். இதைவிடப் பத்திரமான இடம் ஒரு பெண்ணுக்கு உண்டா? அவள் ஒரு மாத்திரை விழுங்கினாள். உடம்பு சரியில்லாமற்போகவே, தண்ணீர் குடித்தால் நல்லது என்று கேள்விப்பட்டிருந்தபடி, ஒன்றரை மணி நேரத்துக்குள் ஏழு லிட்டர் அளவு தண்ணீர் குடித்துவிட்டாள். வேர்த்து வழிய ஆடுகிறவனுக்குத் தண்ணீர் வேண்டும்தான். ஆனால் இந்த மருந்து, சிறுநீரைத் தடுத்து நீரை உடம்பிலேயே நிறுத்தும் சுரப்பை அதிகமாக்குகிறது. குடித்த நீர் வெளியேறாமல் இரத்தத்தின் உப்பு நீர்த்து, மூளை வீங்கியது. மயக்கம் தெளியாமலே நவம்பர் 16-ந் தேதி இறந்தாள். மயங்கிக் கிடந்த மகளின் படத்தைப் பெற்றோர் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார்கள், மற்றப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று.

அந்த மாத்திரை அவள் கைக்கு எப்படி வந்தது? முகம் தெரியாத கள்ளக் கடத்தல்காரன் வீடு தேடி வந்து கொடுக்கவில்லை. சிநேகிதர் வழியாக வந்தது. அநேகமாய் எல்லா ஊரிலும் அப்படித்தான் வருகிறது. "நான் யாருக்கும் தீங்கு செய்யவில்லை" என்று நம் வாலிபன் சொன்னானே, அவனுக்கு இதுதான் முதல் பதில். தனக்கு ஒன்று வாங்குகிறவன் சிநேகிதனுக்கும் ஒன்று சேர்த்து வாங்குகிறான். அன்பினால்தான் வாங்குகிறான். என்ன இருக்கிறதென்று தனக்கே தெரியாத ஒன்றைச் சிநேகிதன் வாயில் போடுகிறான். சந்தையில் வாங்கிய மீன் கொஞ்சம் வாடை அடித்தால் விருந்தாளிக்கு அதை இலையில் வைப்போமா?

இனி, அந்த இரவின் மிகவும் கடினமான நேரத்தைப் பாருங்கள். மணி இரண்டு. கொட்டகை அடுப்பாய்க் காய்கிறது. சிநேகிதர்களில் ஒருவன் உளறுகிறான். தொட்டால் உடம்பு கொதிக்கிறது. சுவரோடு சரிந்து விழுகிறான். அவனைச் சுற்றி இருக்கும் ஐந்து பேரும் இரண்டு மணி நேரத்துக்கு முன் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, உயிருள்ளவரை பிரியமாட்டோம் என்றவர்கள். இப்போது அவர்கள் செய்யவேண்டியது ஒன்றே: ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, வைத்தியரிடம் உண்மையைச் சொல்லவேண்டும். சொன்னால் போலீஸ் வரும், வீட்டுக்குத் தெரியும், வேலை போகும், கலியாணம் நிற்கும். "கொஞ்சம் காற்று வாங்கினால் சரியாகிவிடும், தூங்க வை" என்று ஒருவன் சொல்கிறான். மற்ற நால்வருக்கும் அதை நம்பத்தான் ஆசை. மாத்திரை தந்த அத்தனை பாசமும் அவர்கள் உடம்பில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் வெட்கத்துக்கும் வழக்குக்கும் துணிந்து ஒரு போன் செய்கிற தைரியத்தை அது தராது. அந்தத் தைரியம் இருந்தால், அது வேறெங்கோ, வேறொரு விதமாய், பல வருஷங்களாய் வளர்ந்ததாயிருக்கும்.

இந்தத் தயக்கத்தில் உயிர் போகிறதென்பதை உணர்ந்த தேசங்கள் சட்டத்தையே வளைத்துக் கொடுத்திருக்கின்றன. கனடாவில் 2017-ல் ஒரு சட்டம் செய்தார்கள். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் உதவிக்கு அழைக்கிறவன்மேல், சொந்த உபயோகத்துக்குப் போதைப்பொருளை வைத்திருந்ததற்காக வழக்குத் தொடர்வதில்லை என்பது அதன் சாரம். அதன் பெயரே நல்ல சமாரியன் சட்டம். நம் தேசத்துச் சட்டம் 1985-ல் வந்தது, அது கடுமையானது. எம்.டி.எம்.ஏ. அரை கிராமுக்குள் இருந்தால் சிறு அளவு. 10 கிராமுக்கு மேல் வியாபார அளவு. அதற்குக் குறைந்தது பத்து வருஷம், இருபது வருஷம் வரையில் கடுங்காவல். மாத்திரையிலுள்ள மருந்தை மட்டுமல்ல, கலப்புச் சரக்கோடு சேர்த்து முழு எடையையும் கணக்கிடவேண்டும் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. சிநேகிதருக்கும் சேர்த்து வாங்கி வருகிற பிள்ளை சிறு அளவை எவ்வளவு சீக்கிரம் தாண்டிவிடுவான் என்று பாருங்கள். காசு வாங்காமல் அன்பாய்க் கொடுத்தேன் என்பது கோர்ட்டில் எடுபடாது. அதே சட்டத்தில் 64ஏ என்ற பிரிவும் இருக்கிறது. போதைக்கு அடிமையானவன், சிறு அளவு சம்பந்தமான குற்றமானால், தானே முன்வந்து சர்க்கார் அங்கீகாரம் பெற்ற ஸ்தாபனத்தில் சிகிச்சை செய்துகொண்டால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். இதைக் குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது.

பெற்றோர்களே, மேற்சொன்ன ஐந்து பேரில் ஒருவன் உங்கள் மகனாயிருந்தால், அந்த நேரத்தில் உங்களுக்குப் போன் செய்வானா? இதற்குப் பதில் உங்கள் கோபத்தின் அளவைப் பொறுத்தது மட்டுமல்ல, உங்கள் வார்த்தையின் மதிப்பையும் பொறுத்தது. பயமுறுத்துவதற்காக மிகைப்படுத்திச் சொல்வதில் ஒரு பெரிய நஷ்டம் இருக்கிறது. 2002-ல், மேலே சொன்ன அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையின் ஆராய்ச்சியாளர் சிலர், ஒரே இரவில் சில தடவை எம்.டி.எம்.ஏ. உட்கொண்டாலே கை கால் நடுக்க நோய்க்கு இடமுண்டாகும் என்று குரங்குகளை வைத்துச் சோதித்து எழுதினார்கள். உலகமெங்கும் அது எச்சரிக்கையாய்ப் பரவியது. மறு வருஷம் அதை அவர்களே திரும்பப் பெற்றார்கள். புட்டிகளில் ஒட்டிய சீட்டு மாறிப்போய், அந்தக் குரங்குகளுக்கு எம்.டி.எம்.ஏ.க்குப் பதிலாக மெத்தம்பெட்டமைன் கொடுக்கப்பட்டிருந்தது. அதன் பின், மெய்யான எச்சரிக்கையையும் வாலிபர் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். அடிக்கடி அதிகமாய் உட்கொள்கிறவர்களிடத்தில் ஞாபக சக்தி குறைகிறதென்று வேறு பல ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. அதைச் சொல்லலாம். அதற்கு மேல் சொல்லவேண்டியதில்லை.

"வைத்தியரே இதை மருந்தாகக் கொடுக்கிறார்களே" என்ற பேச்சும் வரும். யுத்தத்தாலும் பலாத்காரத்தாலும் மனம் உடைந்தவர்களுக்கு இதனால் குணம் உண்டாகுமா என்று பல வருஷமாய்ச் சோதித்து வருகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் விசேஷ அனுமதி பெற்ற மனநோய் வைத்தியர்கள் எழுதிக்கொடுக்கலாம். அமெரிக்காவில் 2024 ஆகஸ்டில், அத்தாட்சி போதாதென்று மருந்து அதிகாரிகள் அனுமதி மறுத்தார்கள். நாளை என்ன முடிவாகுமோ, அது வைத்தியர்களின் காரியம். ஆனால் அந்தச் சோதனைகள் எப்படி நடக்கின்றன என்று பாருங்கள். இருதயத்தைப் பரிசோதித்த பிறகே மருந்து. எட்டு மணி நேரம் இரண்டு சிகிச்சையாளர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் பல நாள் பேச்சு. அந்த நோயாளி தன் துக்கத்தை வாய் விட்டுச் சொல்லி அழுகிறான். மாத்திரை விழுங்காத இருவர், நிதானமாயிருந்து கேட்கிறார்கள். கிளப்பில் நிதானமாயிருப்பவன் வாசலில் நிற்கும் காவற்காரன் ஒருவனே.

யாராவது இப்படி விழுந்துவிட்டால் என்ன செய்வதென்பதைப் பிள்ளைகளுக்கு முன்னதாகவே சொல்லி வையுங்கள். சொல்வதனால் அனுமதி கொடுத்ததாக ஆகாது. நீச்சல் தெரியாத பிள்ளைக்கும் கயிறு வீசக் கற்றுக்கொடுப்பதில்லையா? 108-க்குப் போன் செய்யவேண்டும். கூட்டத்தைவிட்டுக் குளிர்ந்த இடத்துக்கு அவனைத் தூக்கிப்போய், மேற்சட்டையைக் கழற்றி, ஈரத்துணியால் உடம்பை நனைத்து விசிறவேண்டும். மயங்கிக் கிடப்பவன் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. வாந்தி எடுத்தால் மூச்சு அடைக்காதபடி ஒருக்களித்துப் படுக்கவைக்கவேண்டும். தூங்கட்டும் என்று தனியே விட்டுப் போகக்கூடாது. வைத்தியர் வந்ததும், என்ன விழுங்கினான், எத்தனை, எத்தனை மணிக்கு, கூடக் குடித்தானா, வேறு மருந்து சாப்பிடுகிறவனா என்று உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். சட்டைப்பையில் மாத்திரை மிச்சமிருந்தால் அதையும் வைத்தியர் கையில் கொடுத்துவிடவேண்டும். விட முடியாமல் தவிக்கிற பிள்ளையிருக்கிற வீட்டார் 14446 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.